முந்தி வந்தவருக்கு முந்தி

விடியப்புறம் நாலரைக்கு நான் வரும்போதே
வரிசை வந்திருக்கும்.
ஆக்களில்லை.
ஒற்றைச் செருப்பு, சொப்பிங் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி,
ஒரு செங்கல், மூடி தொலைந்த சோடாப் போத்தல்,
கல்லுக்கு மேல் கல், அதற்கு மேல் ஒரு குடை.
ஆக்கள் தேத்தண்ணிக் கடையில்,
அல்லது வீட்டில், இன்னும் நித்திரை.

என்னிடம் நூற்றிருபது துண்டு.
கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது.
மட்டையை வெட்டி நானே இலக்கமெழுதி
மூலையில் சீல் குத்தியவை.
எட்டு மணிக்கு முதல் முடிந்துவிடும்.

ஒன்பதேகாலுக்கு வரும்
நெடுந்தீவுச் சனம்.
முதல் போட்டில் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி,
நிரம்பிய பஸ்சில் நின்றபடியே
புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம்.
புருவத்தில் உப்புக் காய்ந்திருக்கும்.
சோளகம் பெயர்ந்தால் அந்த வரவுமில்லை.

"முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்பேன்.
நாளைக்கு என்றால்
அதே கடல், அதே பஸ்,
அதே ஒன்பதேகால்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது.
தீவாருக்குப் பதினைந்து துண்டு ஒதுக்கவேணும் என்று
எழுபத்திரண்டு ஒப்பம், இரண்டு பெருவிரல்.
பணிப்பாளர் கந்தோர் அதை கிளினிக்குக்கு அனுப்ப,
கிளினிக் சிஸ்டரிடம் கொடுக்க,
சிஸ்டர் என் மேசையில் வைத்துவிட்டு
வார்ட்டுப் பக்கம் போய்விட்டா.

கதை எப்படியோ கசிந்து
வரிசை அன்று இரண்டாய் உடைந்தது.
இளைப்பாறிய வங்கி மனேச்சர் புவிராசசிங்கம், இலக்கம் மூன்று:
"இலவச வைத்தியம் எண்டால் எல்லாருக்கும் ஒரே சட்டம்.
இதுக்குள்ள தீவென்ன, திடலென்ன?"
நல்லூரிலிருந்து அவருக்குப் பத்து நிமிசம்.
ஆனால் செங்கல் வைக்கிற ஆளில்லை.
எழுபத்தொரு வயதில், சாரத்துக்குள்
சலக்குழாயும் பையுமாய்
நாலு மணியிலிருந்து நிற்கிறவர்.
அவரை எப்படிப் பிழை சொல்ல?

சோனகத்தெரு றசீனா உம்மா, இலக்கம் நாற்பத்தாறு,
கதிரையை விட்டு எழும்பாமலே கேட்டா:
"ரோட்டை முந்தலாம் ஐயா,
கடலை ஆர் முந்துறது?"

பின்னால் ஒரு பொடியன்:
"அவ்வளவு அவசரமெண்டால் பின்னேரம் பிரைவேட்டிலை
இதே டொக்டரை சனல் பண்ணலாமே."
வாசற்படியில் குந்தியிருந்த மரியநாயகம் சிரித்தார்.
நாலு நாள் வலை இழுத்தால் ஒரு சனல்.
ஸ்கானுக்கு எத்தனை நாளென்று
விரலில் எண்ணத் தொடங்கி
இடையில் விட்டுவிட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல எனக்கு வாயில்லை.

நூற்றிருபது என்றேனே, அது பொய்.
வரிசைக்குப் போவது நூற்றைந்து.
மிச்சம் லாச்சிக்குள்.
மேலதிகாரியின் மாமியாருக்கு ஒன்று,
மருந்தகத்துப் பொடியனின் தமையனுக்கு ஒன்று,
கச்சேரியிலிருந்து வரும் போனுக்கு இரண்டு மூன்று,
என் மனைவியின் அக்காவுக்கு, வெட்கமென்ன, மாதாமாதம் ஒன்று.
இவர்கள் ஒன்பதரைக்கு வருவார்கள், முகத்தில் பவுடரோடு.
இவர்களுக்காக ஆரும் கடிதம் எழுதியதில்லை.
ஒப்பமில்லை, பெருவிரலில்லை.
இருபத்தொரு வருசமாய்
ஒரு சண்டையுமில்லாமல் நடக்கிற ஒதுக்கீடு.

சரியாகப் பதினைந்து.
தீவாருக்கு அந்தக் கணக்கை
ஆர் சொல்லிக் கொடுத்தது?

இன்று லாச்சியைத் திறந்து
பதினைந்தையும் மேசையில் பரப்பி வைத்தேன்.
காற்றுக்குப் பறக்காமல் மேலே
வரிசையில் கிடந்த செங்கலை எடுத்து வைத்தேன்.
புவிராசசிங்கம் பார்த்தார்.
துண்டுகளை, பிறகு லாச்சியை, பிறகு என்னை.
அவருக்குக் கணக்குத் தெரியும்.

ஒன்பதேகால்.
ஒன்பதரை.
வெளியே வேப்பமரம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஆடுகிறது.
சோளகம்.
போட் வெளிக்கிட்டிருக்குமோ தெரியாது.

போன் அடிக்கிறது.
செங்கலுக்குக் கீழே பதினைந்து.
போன் அடிக்கிறது.